நிஜக் குடும்பத்தைச் சந்தித்தல்

மனித குலம் இதுவரை கண்ட கல்வி முறைகளிலேயே உன்னதமானது, ஃப்ளோரன்ஸ் நகரில் அமெரிக்கப் பிள்ளைகளுக்காக நடைபெறும் அயல்நாட்டுப் படிப்புத் திட்டம்தான். மற்ற பல்கலைக்கழகங்களில் சாப்பிடுவதற்காகப் படிப்பை நிறுத்துவார்கள். இங்கே சாப்பிடுவதே படிப்பு. ஐஸ்கிரீம் மூன்று கிரெடிட். சந்தையில் தக்காளியை முகர்ந்து பார்ப்பது இரண்டு. காப்பியை நின்றபடி குடிக்கக் கற்றவர்களுக்குச் சான்றிதழே உண்டு.

இந்த அறிவு இயந்திரத்தில் ஓர்னெல்லா தாத்தேயி ஒரு சின்னத் திருகாணி. நாற்பத்தொரு வயது, கலை வரலாற்றில் முனைவர் பட்டம், நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் வேலை. அவள் நடத்திய பாடம் 'உள்ளூர் வாழ்வியல்'. அதன் ஆறாவது களப்பயணம், 'ஒரு நிஜக் குடும்பத்தைச் சந்தித்தல்'.

சந்திக்கத்தான் குடும்பம் கிடைக்கவில்லை. ஆற்றின் தென்கரைத் தெருக்களில் மூன்று நாள் அலைந்தாள். அழைப்புமணிப் பலகைகளில் குடும்பப் பெயர்கள் இருந்த இடத்திலெல்லாம் 'மாணவர் இல்லம் 4', 'மாணவர் இல்லம் 9' என்று ஒட்டியிருந்தது. ஒரே ஒரு கட்டடத்தில் மனிதப் பெயர் இருந்தது. ஆவலோடு மூன்று மாடி ஏறினாள். பல் மருத்துவர்.

இயக்குநர் எர்மான்னோ ஃபால்கி இதற்கெல்லாம் கலங்குகிறவர் அல்லர்.

"குடும்பம் இல்லேன்னா வெளியிலேர்ந்து வரவழைச்சுக்கலாமே," என்றார். "ஆனா இந்தத் தெருவுல இருந்தவங்களாப் பாருங்க. அசலா இருக்கணும்."

ஓர்னெல்லாவுக்கு நென்சீனி தம்பதியின் ஞாபகம் வந்தது. அவள் வளர்ந்த அதே சந்தில் இருபத்தாறு வருடம் குடியிருந்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு வீட்டு உரிமையாளர் வெளியேறச் சொன்னதும் நகரத்துக்கு வெளியே ஸ்காண்டிச்சிக்குப் போய்விட்டார்கள். இயக்குநர் மகிழ்ந்தார். சமையலறை பெரிதாக இருப்பதால் சந்திப்பை மாணவர் இல்லம் 7இல் வைக்கலாம் என்றார். அது அவர்களுடைய பழைய வீடேதான் என்று ஓர்னெல்லா சொல்லிப் பார்த்தாள். அவளுடைய வேலை நீட்டிப்புக் கடிதம் தன் மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருப்பதை அவர் பேச்சுவாக்கில் குறிப்பிட்டார்.

தொலைபேசியில் விவரம் கேட்ட லோரியானா நென்சீனி, எந்த வீடு என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு, "ஒரு தடவ பாக்கணும் போலத்தான் இருக்கு. வர்றோம்," என்றாள்.

வியாழக்கிழமை நண்பகல். பன்னிரண்டு மாணவர்கள் வாசலில் நின்றார்கள். அவர்களில் நான்கு பேர் அந்த வீட்டிலேயே குடியிருப்பவர்கள். இருந்தாலும் அசல் தன்மை கெடக்கூடாது என்பதால், ஒஹாயோவிலிருந்து வந்த பெய்டன் என்ற பெண், சாவியைப் பையில் வைத்துக்கொண்டே தன் வீட்டு அழைப்புமணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தாள் லோரியானா. சிவப்புக் கட்டம் போட்ட ஏப்ரன் நிர்வாகம் கொடுத்தது. அப்படி ஒன்றை அவள் வாழ்நாளில் கட்டியதில்லை. அடுப்பில் ரொட்டி சூப் கொதித்தது. பார்க்காமலே உப்புக்குக் கையை நீட்டினாள். கைக்கு ஷாம்பு பாட்டில் வந்தது. திருப்பி வைத்துவிட்டுக் கிளறினாள்.

மாணவர்கள் அச்சிட்ட கேள்வித்தாளை எடுத்தார்கள். வீடு என்பது தங்களுக்கு என்ன பொருள் தருகிறது என்பது முதல் கேள்வி. இத்தாலிய மொழி இன்னும் களப்பயணப் பட்டியலுக்கு வராததால் ஓர்னெல்லாவே மொழிபெயர்த்தாள். அதற்குள் குளியலறையிலிருந்து ஒரு பையன், தண்ணீர் வழக்கம்போல ஜில்லென்று வருகிறது என்று கத்தினான்.

லோரியானாவின் கணவர் சவுரோ எழுந்து போனார். கொதிகலனின் அடியில், இடப் பக்கமாக, முஷ்டியால் இரண்டு குத்து விட்டார். வெந்நீர் கொட்டியது. மாணவர்கள் கை தட்டினார்கள். இரண்டு மாதமாகப் பச்சைத் தண்ணீரில் நடுங்கிய பெய்டன், எங்கே குத்த வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள்.

சவுரோ கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "அத மாட்டினதே நான்தான்."

ஓரமாக நின்று லோரியானாவைப் படமெடுத்துக்கொண்டிருந்த இயக்குநர் புன்னகை மாறாமல் ஓர்னெல்லாவின் காதருகே குனிந்தார். "குழாய் ரிப்பேர் பண்றவர்னு சொல்லிடுங்க."

ஓர்னெல்லாவுக்கு அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. லோரியானாவின் முதுகைப் பார்த்தாள். பிறகு சவுரோ சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தாள். "இருபத்தாறு வருஷம் இது இவங்க வீடு," என்று ஒரு வரியைத் தானாகவும் சேர்த்தாள்.

இதுதான் 'உயிருள்ள வரலாறு' என்று இயக்குநர் விளக்கத் தொடங்கினார். பெய்டன் அவரைப் பார்க்கவே இல்லை. லோரியானாவிடம், பிறகு ஏன் போனார்கள் என்று கேட்டாள்.

லோரியானா கிளறுவதை நிறுத்தவில்லை. "நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க, கண்ணு."

ஓர்னெல்லா அதையும் மொழிபெயர்த்தாள். பரீட்சையில் வரக்கூடும் என்று பதினொரு பேர் குறித்துக்கொண்டார்கள். பெய்டன் மட்டும் பேனாவைக் கீழே வைத்தாள். சூப் குடித்து முடிந்ததும், பையிலிருந்து சாவியை எடுத்து லோரியானாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

லோரியானா அதை மெல்ல அவள் பக்கம் தள்ளினாள். "வச்சுக்கோ. மழைக்கு வாசக்கதவு ஊதிக்கும். தோளால இடிச்சுத் தொற."

நென்சீனி தம்பதி ஏப்ரனை மடித்து ஒப்படைத்துவிட்டு, மூன்றே கால் டிராமைப் பிடித்தார்கள்.

வேலை எப்படியும் போயிற்று என்று முடிவு கட்டிய ஓர்னெல்லா, அன்று மாலையே களப்பயண மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தாள். 'நோக்கம் எந்த அளவுக்கு நிறைவேறியது?' என்ற கட்டத்தில் இரண்டு வரி எழுதினாள்: 'எங்கள் மாணவர்கள் உள்ளூர் மக்களின் வீடுகளிலேயே வாழ்கிறார்கள். அதனால் உள்ளூர் மக்கள் இங்கே வாழவில்லை.' கையெழுத்திட்டு இயக்குநரின் மேசைமேல் வைத்தாள்.

திங்கட்கிழமை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். அவள் மேசை இழுப்பறையைக் காலி செய்துவிட்டுப் போனாள். அவரோ இரண்டு கைகளாலும் அவள் கையைப் பற்றிக் குலுக்கினார். இவ்வளவு உணர்ச்சிகரமான மதிப்பீடு திட்டத்தின் வரலாற்றிலேயே வந்ததில்லையாம். நீட்டிப்புக் கடிதம் கையெழுத்தாகியிருந்தது. அடுத்த ஆண்டு விளம்பரக் கையேட்டின் அட்டையும் அச்சாகி வந்திருந்தது: ஏப்ரனோடு லோரியானா, அவளுக்கு மேலே கொட்டை எழுத்தில், 'எங்கள் மாணவர்கள் உள்ளூர் மக்களின் வீடுகளிலேயே வாழ்கிறார்கள்.'

ஓர்னெல்லா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டாவது வரி எங்கே?"

"எங்களுக்கு இடம் வேண்டியிருந்ததும்மா," என்றார் இயக்குநர். "அதைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்."