சோடா அண்ணாச்சி வைத்த துட்டி

சங்கரன்கோவிலில் சோடா அண்ணாச்சியைப் போலக் கொடூரமான நல்லவர் வேறு யாரும் பிறந்ததில்லை. இனிமேல் ஒருவர் பிறந்தாலும் தாங்குகிற தெம்பு எனக்கில்லை. ரயிலடிக்குப் போகும் வழியில் அவருடைய கோலி சோடாக் கடை. பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. கள்ளுக்கடைக்குப் பக்கத்திலேயே கடை போட்டதால் அவரும் மொடாக் குடியர். மதுவிலக்கு வந்ததும் ஊரில் பாதிப் பேர் கள்ளச்சாராயத்துக்கு மாற, இவர் மட்டும் குடியை விட்டார். விட்டவர் சும்மா இருந்தாரா? மற்றவர்களையும் விடவைக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் ரகசியக் கூட்டம் போட ஆரம்பித்தார்.

நான் அப்போது ஹைஸ்கூலில் டிராயிங் வாத்தியார். சாராயக் கட்சி. ஆடி மாசம் என் மனைவி கோமதி, மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு திருவேங்கடத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். குடியை விட்டால்தான் வருவேன் என்று ஒரே வரியில் கடுதாசி. ஏன் திடீரென்று இவ்வளவு கோபம் என்று எனக்கு விளங்கவே இல்லை. தை பிறந்தும் அவள் வரவில்லை. சரி, அந்தக் கூட்டத்துக்குத்தான் போய்ப் பார்ப்போமே என்று துணிந்தேன்.

ஆனால் எங்கே, எப்போது என்று யாரிடம் கேட்பது? கேட்டாலே குட்டு உடைந்துவிடுமே! தபால்காரரிடம், "என் சிநேகிதர் ஒருத்தருக்காகக் கேக்குதேன்" என்று ஆரம்பித்தேன்.

"நேத்து உங்க சட்டையப் போட்டுக்கிட்டு வாய்க்கால்ல கெடந்தாரே, அந்தச் சிநேகிதரா சார்? சோடாக் கடைக்குப் பக்கத்துக் கொட்டகை. ஞாயித்துக்கெழம காலையில பத்து மணிக்குப் போகச் சொல்லுங்க."

போனேன். கொட்டகையில் பெஞ்சு போட்டு ஏழெட்டுப் பேர் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எல்லோரும் கையை நீட்டினார்கள். சாவு வீட்டில் துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க வந்தவனிடம் நீட்டுவார்களே, அதேபோல! அடடா, நல்ல நாள் பார்த்தேனே என்று நொந்துகொண்டு, ஒவ்வொரு கையாகத் தொட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"யாரு அண்ணாச்சி தவறிட்டாக?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீருதான்" என்றார் சோடா அண்ணாச்சி.

என் கையை நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டேன். அவர் மேலே சொன்னார்:

"குடிகார வாத்தியாரு காலையில காலமாயிட்டாரு. பொழுது சாயுத வரைக்கும் துட்டி. அதுவரை பொணம் வாயத் தொறக்கப்படாது. தபால்காரரு நேத்தே தகவல் சொல்லிட்டாருவே."

புதிதாக யார் வந்தாலும் இதுதான் முறையாம். சாவு வீட்டில் செத்தவனைப் புகழ்வார்கள். இங்கே உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

"கோயில் யானைக்குச் சாக்பீஸால மீசை வரைஞ்ச மகராசன்" என்றார் ஒருவர். நானா? எனக்குத் துளிகூட ஞாபகமில்லை! "ஹெட்மாஸ்டர் வீட்டு வாசல்ல நின்னு, அவருக்கே அட்டெண்டன்ஸ் எடுத்தாரே" என்றார் அடுத்தவர். அவமானத்தில் காது எரிந்தது.

கடைசியாக அண்ணாச்சி பேசினார். "ஆடித் தபசுத் திருவிழா அன்னைக்கி அந்தக் கூட்டத்துல பெத்த பிள்ளைய விட்டுட்டு குடிக்கப் போயிட்டாரு. ரத வீதியில அழுதுக்கிட்டு நின்னுச்சு. நான்தான் தூக்கிட்டுப் போயி அந்தத் தாயி கையில கொடுத்தேன்."

அது அன்றுவரை எனக்குத் தெரியாது. என்னை அப்படியே பூமிக்குள் இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து, சோடா குடிக்கத் திருவேங்கடம் பஸ் வந்து நின்றது. டிரைவர் கொட்டகையைப் பார்த்துவிட்டு, "யாருய்யா?" என்றார். வாசலோரம் இருந்தவர் பழக்கதோஷத்தில், "நம்ம டிராயிங் வாத்தியாரு. காலையிலதான்" என்று சொல்லித் தொலைத்தார். ஐயோ பாவம் என்று டிரைவர் சோடாகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துவிட்டார். நான் பதறி எழுந்தேன். "பொணம் எந்திரிக்கப்படாது!" என்று நாலு பேர் அமுக்கினார்கள்.

மூன்று மணிக்கு அதே பஸ் திரும்பி வந்தது. தலைவிரி கோலமாக மாரில் அடித்துக்கொண்டு கோமதி இறங்கினாள். பின்னால் அவள் அண்ணன், விதவைக்குப் போடும் கோடிச் சேலையோடு! அவள் அழுத அழுகையில் ரயிலடியே கூடிவிட்டது. கொட்டகைக்குள் ஓடி வந்தவள், பெஞ்சில் நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உறைந்துபோனாள்.

"உசுரோடயா இருக்கிய?" என்றவள், ஓங்கி என் முதுகில் ஒன்று வைத்தாள். சந்தோஷமா கோபமா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

"தபசு அன்னைக்கி பிள்ளைய விட்டுட்டுப் போனேனாமே கோமதி. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்" என்றேன். சொல்லி முடிக்குமுன் அழுதேன்.

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டினார். "எவன்லே இந்த வேல பாத்தது?"

சோடா அண்ணாச்சி முன்னால் வந்தார். "நான்தான். அடிக்கணும்னா என்னைய அடிங்க. ஆனா தாயி, ஒண்ணு சொல்லுதேன். நான் குடிய விட்டன்னிக்கி எனக்கே துட்டி வச்சு, எங்க வீட்டுக்கும் ஆளு விட்டேன். மூணு நாளு உக்காந்திருந்தேன். பெத்த மகன்கூட வரல. இவருக்கு நீ ஒரே பஸ்ல வந்துட்டியே."

கோமதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தலையை அள்ளி முடிந்தாள்.

"காலையிலருந்து சாப்பிட்டியளா அண்ணாச்சி?"

"துட்டி வீட்டுல அடுப்பு எரியப்படாதே தாயி."

"வீட்டுக்கு வாங்க. ஒலை வைக்கேன்."

அன்று அவர் வெட்கப்பட்டுக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதன்பிறகு அவர் இருந்தவரைக்கும், ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்காராமல் எங்கள் வீட்டில் ஒருவரும் இலையில் கை வைத்ததில்லை.