குடும்பத் தலைவர் லெகி

எரிமலைச் சரிவில் வாழும் ஜாவா மக்களின் உயிரைக் காக்கும் பொருட்டு, வட்டார அலுவலகம் வரைபடத்தில் ஒரு சிவப்பு வட்டம் போட்டது. மலை வாயிலிருந்து சரியாக ஆறு கிலோமீட்டர். உள்ளே ஆபத்து, வெளியே ஆபத்தில்லை.

அந்தக் கோடு துகினெம்மின் வீட்டுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் நடுவே போயிற்று. பசு லெகி உள்ளே, துகினெம் வெளியே. உள்ளே இருப்பவர்களை மட்டும் முகாமுக்கு ஏற்றிப்போக லாரி வந்து நின்றது.

"மூணு நாளா மலை உறுமுது ஐயா. என்னையும் லாரியில ஏத்துங்க."

அதிகாரி ஹர்சோயோ பொறுமையாக விளக்கினார். "அடியில பாறை உருகிக் குழம்பாக் கிடக்கும்மா. அதுல இருக்கற வாயு வெளிய வர வழியில்லாம முட்டுது. முட்டி முட்டி வெடிக்கும். ஆனா உன் பசுவுக்குத்தான் வெடிக்கும். உனக்கு வெடிக்காது."

எங்கள் பக்கம் மலையைத் தாத்தா என்போம்; அது வெடித்தால், தாத்தா வீட்டில் விசேஷம் என்போம். துகினெம்முக்குக் கோபம் வந்துவிட்டது. "தாத்தா வீட்டு விசேஷத்துல கோடு பார்த்தா பந்தி போடுவாங்க?"

"பசுவுக்குக் காதுல அரசாங்க எண் இருக்கு. பட்டியல்ல பேரு இருக்கு. உனக்கு?"

"நான் இல்லாம அது ஒரு வாய் தண்ணி குடிக்காதுங்க."

அலுவலகம் ஆழ்ந்து சிந்தித்தது. குடும்பத்தைப் பிரிக்கலாகாது என்பது விதி. ஆகவே படிவம் பூர்த்தி செய்யப்பட்டது. குடும்பத் தலைவர்: லெகி. உறுப்பினர்: துகினெம். உறவுமுறை: வளர்ப்பு மகள்.

மத்தியானத்துக்குள் ஊரில் நாற்பத்திரண்டு பேர் லெகிக்குச் சொந்தமாகிவிட்டார்கள். ஊர்த் தலைவர் சித்தப்பா. பள்ளிக்கூட வாத்தியார் ஒன்றுவிட்ட தம்பி.

சாயங்காலம் மலை வாயைத் திறந்தது. சாம்பலுக்கு வரைபடம் படிக்கத் தெரியவில்லை. அலுவலகக் கூரை பாரம் தாங்காமல் உட்கார்ந்தது. ஹர்சோயோ தலையெல்லாம் வெள்ளையாக, கிளம்பவிருந்த லாரியை நோக்கி ஓடி வந்தார்.

"துகினெம் அக்கா, என்னையும் சேர்த்துக்குங்க!"

"என்ன முறைன்னு போடட்டும்?"

"கன்னுக்குட்டின்னு போடுங்க. சீக்கிரம்!"

ஒரு உயிர்கூடப் போகவில்லை. நினைத்தால் இன்றும் நெஞ்சு குளிர்கிறது. மிளகாய்த் தோட்டம் மட்டும் கருகியது. அதுவும் நாலைந்து வருஷத்தில் அதே சாம்பல் மண்ணில் தழைத்துவிடும்.

முகாமில் மறுநாள் காலை நிவாரணம் வந்தது. தலைவர் பசு என்பதால் பட்டியலின்படி, தலைக்கு ஒன்றாக நாற்பத்தைந்து கட்டுப் புல்.

பசியோடு ஹர்சோயோவே புகார் மனு எழுதினார். எழுதியவர், முகாமின் பொறுப்பு அதிகாரி என்ற முறையில் அதைப் படித்துப் பார்த்து, தாமே நிராகரித்தார். மனுவில் குடும்பத் தலைவரின் கையொப்பம் இல்லை.

தலைவர் அப்போது மூன்றாவது கட்டுப் புல்லில் வாய் வைத்திருந்தார்.