சந்தனம் பூசிய விசில்

எந்தப் பொருளாக இருந்தாலும் சரி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் பராமரிப்பு முடிந்தது என்று நம்புகிற ஆட்கள் நாம். யாரையும் குறை சொல்லவில்லை. அந்த நம்பிக்கையோடு வெள்ளத்தில் படகு ஏறியவனே நான்தான். அதுவும் தொழில்முறைப் பாதுகாப்பு அதிகாரி!

திருமழிசையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஹெல்மெட் போடாமல் உள்ளே வருகிறவனை நிறுத்தி வைத்துத் திட்டுவதற்குச் சம்பளம். வீடு முத்தாபுதுப்பேட்டையில், ஏரிக்குக் கீழே, தாழ்வான மனையில். (வாங்கும்போது ‘லேக் வியூ’ என்றார்கள். மழைக்காலத்தில் ஏரியே வீட்டுக்குள் வந்து காட்சி தரும் என்று சொல்லவில்லை.) நான் விருதுநகர்ப் பக்கம். எங்கள் ஊரில் தண்ணீர் லாரியில் வரும். அதில் படகு விட்டுப் பழக்கமில்லை.

ஒரு மழைக்காலத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு ரப்பர் படகு வாங்கினார்கள். கூடவே ஒரு பை. ஆபத்தில் மாட்டினால் தூரத்தில் இருப்பவர்களைக் கூப்பிட ஒரு விசில், விட்டு விட்டு எரியும் டார்ச், ஆட்டிக் காட்ட ஓர் ஆரஞ்சுக் கொடி. “சார்தான் சேஃப்டி ஆபீசரு, அவர்கிட்டயே இருக்கட்டும்” என்று பையை என் தலையில் கட்டினார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொண்டேன்.

எங்களோடு மாமனாரும் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். என் மனைவி மேகலா அவருக்கு ஒரே பெண். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் அம்பத்தூருக்கு டயாலிசிஸ் போய் வந்துகொண்டிருந்தார். ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை.

“ஒரு விசில் அட்ச்சா நிக்கணும், ரெண்டு அட்ச்சா கெளம்பணும். லைஃப்ல அவ்ளோதான் மாப்ளே” என்பார்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்கூட்டர், மிக்ஸி, மேகலாவின் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பூஜை போடும்போது ஆபத்துப் பை மட்டும் என்ன பாவம் செய்தது? ஆரஞ்சுக் கொடியைச் சாமி படத்துக்கு அடியில் விரித்தேன். பளபளவென்று அழகாக இருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். டார்ச்சில் பேட்டரி கசிந்துவிடக் கூடாதல்லவா, கழற்றிப் பத்திரமாகப் பிரிட்ஜில் வைத்தேன். “எனுக்கு சோறு போட்டதே விசில்தான்” என்று மாமனார் விசிலை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, குழைத்த சந்தனத்தை ஒரு துளை விடாமல் அப்பினார். (பின்னாளில் ஊர் முழுக்க என் தலையில்தான் பழியைப் போட்டார். போய்ச் சேர்ந்துவிட்ட மனிதரோடு இனி என்ன வழக்காட?) நான் அதைப் படமெடுத்து, ‘பராமரிப்பு நிறைவு’ என்று எழுதித் தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நிறைய கைதட்டல் வந்தது.

பிறகு மழை வந்தது.

கரண்ட் போய், செல்போன்கள் எல்லாம் செத்து, தெருவில் இடுப்பளவு தண்ணீர். மாமனாருக்கு ஒருமுறை டயாலிசிஸ் தப்பிவிட்டது. கால்கள் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே விடிய விடிய இரைத்தார். இன்றைக்கும் தவறினால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

காலையில் படகை இறக்கினேன். மெயின் ரோட்டுக்குப் போய்விட்டால் ஆம்புலன்ஸ் கிடைக்கும். நான் கறுப்பு மழைக்கோட்டு, முதுகில் கொட்டை எழுத்தில் ‘பாதுகாப்பே முதல்’. கையில் ஆபத்துப் பை. மாமனாரை நடுவில் உட்கார வைத்து மேகலா தாங்கிக்கொண்டாள்.

தெருவைத் தாண்டும் வரை துடுப்பு என் பேச்சைக் கேட்டது. காலி மனைகளுக்கு வந்ததும், ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்து வந்த வெள்ளம் படகைப் பக்கவாட்டில் இழுத்துப்போய் ஒரு சீமைக் கருவேலம் புதரில் சொருகியது. முள் ஏறி ஒரு பக்கம் புஸ்ஸென்று இறங்கியது. தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்தது. இறங்கலாமென்றால் கால் எட்டவில்லை. எனக்கு நீச்சலும் தெரியாது.

அப்போதுதான் தூரத்தில் மீட்புப் படகு தெரிந்தது. மோட்டார் போட்டது. எங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

“விசிலு! விசில எடுங்க!” என்றாள் மேகலா.

எடுத்து ஊதினேன். கன்னம் உப்பியதுதான் மிச்சம். சந்தனம் உள்ளே சிமெண்டாக இறுகியிருந்தது.

“இன்னா மாப்ளே, காத்துகூட வர்ல?” என்றார் மாமனார், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி.

“வாசனை வருது மாமா.”

“டார்ச்சு?”

“பேட்டரி பிரிட்ஜ்ல இருக்கு.”

“கொடி?”

“சாமி படத்துக்கு அடியில” என்றேன். அந்த நிலையிலும் அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, உதடு நீலம் பாய்ந்தது. இந்த மனிதரை நானே கூட்டி வந்து கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மேகலா தாலிச் சரட்டில் இருந்து ஊக்கைக் கழற்றி விசிலைக் குடைந்தாள். கட்டி கட்டியாகச் சந்தனம் உதிர்ந்தது, சத்தம் வரவில்லை. நான் தொண்டை கிழியக் கத்தினேன். மோட்டார் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மாமனார் இரண்டு விரலை வாயில் வைத்துப் பார்த்தார். அவரிடம் ஊதுவதற்கு மூச்சில்லை.

மேகலா ஒரு நொடி அப்பாவைப் பார்த்தாள். விசிலைத் தூக்கித் தண்ணீரில் எறிந்தாள். இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து அடித்தாள் பாருங்கள் ஒரு விசில்! என் காது அடைத்துக்கொண்டது. மறுபடி அடித்தாள். மறுபடி. மீட்புப் படகு திரும்பியது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. எட்டாவது படிக்கும்போது ஆவடி பஸ் ஸ்டாண்டில் விசிலடித்தாள் என்று, ‘பொம்பளப் புள்ளைக்கு இன்னாடி விசிலு’ என்று கன்னம் பழுக்க அறைந்தாராம் மாமனார். அதோடு விட்டவள்.

“இன்னும் மறக்கலியாடி நீ?” என்றார்.

“மறக்கற மாறியா அட்ச்சே நைனா?” என்று அழுதாள்.

அவர் அவள் கன்னத்தைத் தடவினார்.

மீட்புப் படகுக்காரர் எங்களை ஏற்றும்போது என் முதுகை நிதானமாகப் படித்தார். “பாதுகாப்பே முதல்… சூப்பர் சார். விசில் யாரு அட்ச்சது?”

“என் பொண்ணு” என்றார் மாமனார், என்னை முந்திக்கொண்டு.

அன்று டயாலிசிஸ் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். அத்தனை நாளும் இந்தக் கதையைச் சொன்னார். “என் மாப்ள சேஃப்டி ஆபீசரு. விசிலுக்கு சந்தனம் பூசி, பேட்டரிய பிரிட்ஜ்ல வெச்சிட்டு, என்னிய தண்ணில வுட்டாரு!” ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதல் வாட்ச்மேன் வரை என்னைப் பார்த்தால், “சார், பேட்டரி எடுத்துகினு வந்தீங்களா?” என்பார்கள். நான் புது விசில் வாங்கினேன், மாதா மாதம் ஊதிப் பார்க்கிறேன். தெரு நாய்கள் குரைக்கின்றன. வீட்டில் யாரும் என்னை நம்புவதில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் எனக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டும்போது இன்றைக்கும் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அவர் போன அன்று எங்கள் தெருமுனையில் அமரர் ஊர்தி நின்றது. பெண்கள் அதுவரைதான் வரலாம் என்றார்கள். நான் உள்ளே அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். யாராவது கிளம்பச் சொல்லட்டும் என்று டிரைவர் காத்திருந்தார். சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. மேகலா முன்னால் வந்து இரண்டு விரலை வாயில் வைத்தாள். அழுகையில் உதடு நடுங்கி, முதலில் வெறும் காற்றுதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள்.

இரண்டு விசில் அடித்தாள். டிரைவர் கியரைப் போட்டார்.