தாலியை மறைத்த வாய்

கோபக்காரன் கையில் பிலிம் கெமராவைக் கொடுக்கக் கூடாது. நான் கோபக்காரன். அக்காவின் கல்யாணத்தன்று என் கையில் பிலிம் கெமரா இருந்தது.

"போட்டோக்காரர் வேண்டாம், நான் இருக்கிறேன்" என்று ஒரு மாதமாக வீட்டில் கத்தியவன் நான்தான். போனில் எடுப்பதெல்லாம் படமா? ஆயிரம் எடுப்பான், ஒன்றையும் திரும்பப் பார்க்கமாட்டான். பிலிமில் முப்பத்தாறுதான். ஒவ்வொன்றுக்கும் வெளிச்சம் பார்க்கணும், மூச்சைப் பிடிக்கணும், கழுவும்வரை காத்திருக்கணும். (இதை இன்றைக்கும் சொல்வேன். அடிக்க வந்தாலும் சொல்வேன்.)

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தம்பி, மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். தாலி ஏறுற படம் மட்டும் எனக்கு வேணும்டா."

"சுவரளவு அடிச்சுத் தாரேன்" என்றேன்.

கல்யாணம் இரத்தோட்டைக் கோயிலில். உக்குவளையிலிருந்து நான் வந்த பஸ் தாமதம். வாசலிலேயே சித்தப்பா, "இப்பதான் விடிஞ்சதா உனக்கு?" என்று ஆரம்பித்தார். அவரோடு சண்டை பிடித்துக்கொண்டே ரோலைப் போட்டுக் கெமராவை மூடினேன். பிலிமின் நுனி உருளையில் மாட்டியதா என்று பார்க்கணும். பிலிம் ஓடினால் இடதுபக்கக் குமிழ் தானாகச் சுற்றும், அதையும் பார்க்கணும். கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் இதைப் பாடம் எடுத்தவன் நான். பார்க்கவில்லை. எனக்குச் சித்தப்பாவை ஜெயிக்க வேண்டியிருந்தது.

பிறகு ஓர் இடத்தில் நிற்கவில்லை. மணவறையைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். ஒரு மாமியின் சேலையை மிதித்தேன். ஐயரையே "கொஞ்சம் தள்ளுங்க சாமி" என்றேன். கெட்டிமேளம் கேட்டதும் இருபது போன்கள் மேலே எழும்பின. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"போனைக் கீழ போடுங்க எல்லாரும்! நான் எடுக்கிறேன்ல!"

பயந்து இறக்கினார்கள். முதல் முடிச்சு நான் கத்தும்போதே விழுந்துவிட்டது. திரும்பி மற்ற இரண்டையும் எடுத்தேன்.

முப்பத்தாறு தாண்டியும் ரோல் முடியவில்லை. "நான் ரோல் போட்டா ரெண்டு மூணு படம் கூடுதலா வரும்" என்று பெருமை வேறு. பிலிமைத் திருப்பிச் சுருட்டும்போது குமிழ் வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. நல்ல கெமரா என்று நினைத்தேன். (மடையன்.)

மூன்றாம் நாள் குளியலறையில் வைத்துக் கழுவினேன். நுனியில் கொஞ்சம் கறுப்பு. மிச்சமெல்லாம் வெறும் கண்ணாடி. பிலிம் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்கவில்லை.

மறுவீட்டுக்கு வந்திருந்த அக்கா கதவுக்கு வெளியே நின்றாள். "வந்திருச்சா?"

பிலிமைக் காட்டினேன். "இன்னொருக்கா கட்டச் சொல்லி எடுப்போமா?"

"ஏறின தாலியக் கழட்டச் சொல்றியா?" என்று அந்த ஈரப் பிலிமாலேயே அடித்தாள். அடித்துவிட்டு அழுதாள். அடியைத் தாங்கலாம்.

நான் விரட்டிய ஆட்களிடமே போய்க் கெஞ்சினேன். "நீதானப்பா கீழ போடச் சொன்ன?" என்றார்கள். என் சொல்லைக் கேட்காதவர் சித்தப்பா ஒருவர்தான். அவர் போனில் ஒரு படம் இருந்தது. சரியாகக் கெட்டிமேள நேரம். படம் முழுக்க என் வாய். கடைவாய்ப் பல்வரை தெரிகிறது. என் காதோரத்தில் மஞ்சளாக ஒரு கோடு, தாலிக்கயிறு.

இன்றும் நான் பிலிமில்தான் எடுக்கிறேன். ரோல் போடும்போது மட்டும் யாரோடும் பேசுவதில்லை.

அக்கா சித்தப்பாவின் அந்தப் படத்தைச் சுவரளவு அடித்துக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்களுக்கெல்லாம் அத்தான் காட்டுவார்.

"தாலி கட்டுற படம்னீங்க, தாலி எங்கங்க?"

"இருக்குங்க. இவன் வாய மூடினா தெரியும்."