ஆளில்லாத பெரட்டு

அரசாங்கம் கொடுத்த வாக்கை ஒரு நாள்கூட விடாமல் சோதித்துப் பார்த்தவர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆறுநாள்.

எண்பதுகளில் இலங்கை மலையகத்தில், உடப்புசல்லாவைப் பக்கம் ஓர் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. அதற்கு முன் வாரத்தில் இரண்டு, மூன்று நாள்தான் வேலை, தொழிலாளர் குடியிருந்த லயங்களில் பட்டினி. பிறகு அரசாங்கத்தின் உத்தரவாதம் வந்தது. காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் பதியும் பெரட்டில் வந்து நிற்பவருக்கு வாரம் ஆறு நாள் வேலை தந்தே ஆகவேண்டும். எல்லோருக்கும் கொண்டாட்டம். அவர் மட்டும் நடுங்கினார்.

"வந்து நின்னாத்தானே வேலைங்கிறாங்க? நிக்கலைன்னா பேரை வெட்டிருவாங்க. அதுக்குத்தாங்க இந்தச் சட்டமே."

பட்டினிக் காலத்தில் அவருடைய அண்ணன் பெயரை அப்படித்தான் வெட்டினார்கள். வேலையோடு குடியிருந்த லயத்துக் காம்பராவும் போயிற்று.

அதனால் வேலைக்கு அழைக்கும் தப்புப் பறை அடிக்கும் முன்பே பெரட்டுக் களத்தில் நிற்பார். காய்ச்சலென்றால் கம்பளிக்குள் பல் கிட்டிக்க நிற்பார். மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையையும் மாலையோடு இழுத்துவந்து நிறுத்தினார்.

"மாப்பிள்ளை வேற தோட்டமாச்சே?" என்றேன்.

"இருக்கட்டுங்க, சாட்சிக்கு."

ஞாயிற்றுக்கிழமையும் வருவார்.

"இன்னைக்கு லீவுங்க."

"லீவுன்னு நீங்க சொல்றீங்க. நாளைக்கு வேற ஆளு வந்து கேட்டா?"

இனக்கலவரம் வந்த வாரம், கீழ்ப்பக்கத்து லயங்கள் எரிந்தன. மேல்மலைக் காட்டில் ஒளிந்தோம். அழுத பிள்ளைகளின் வாயைத் தாய்மார் பொத்தினார்கள். விடிந்தபோது ஆறுநாளைக் காணோம். கீழே பனிமூட்டத்துக்குள் யார் யாரோ கூவும் சத்தம்.

"பெரட்டுக்குத்தான் போயிருக்கும், பாவி மனுசன்!" அவர் மனைவி சத்தம் வராமல் மார்பில் அடித்துக்கொண்டார்.

வெயில் ஏறியபிறகு புதரை விலக்கிக்கொண்டு வந்தார். முழங்காலில் ரத்தம்.

"அறிவிருக்கா உங்களுக்கு? அங்க பேர் பதிய யாரு இருக்கா?" என்றேன்.

"யாருமில்லீங்க. ஆபீஸ் பூட்டிக் கெடக்கு. வெறுங்களத்துல நின்னு, ஒவ்வொருத்தர் பேரா மெதுவாச் சொல்லி, 'வந்திருக்காங்க, வந்திருக்காங்க'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இனி ஒருத்தர் பேரையும் வெட்ட முடியாது."

மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "ஒங்க பேரையும் சொன்னேங்க. கணக்கப்புள்ளைன்னா மட்டும் விட்டு வைப்பாங்களா?"

கலவரம் அடங்கி லயத்துக்குத் திரும்பினோம். அடுத்த ஞாயிறு, லீவு நாளில், அந்தக் களத்தில் இரண்டு பேர் நின்றோம்.