சுகந்தியின் வில்லை நான் சரிசெய்த விதம்

எந்தப் பொருள் பழுதானாலும் "இங்கே கொடு, நான் பார்க்கிறேன்" என்று கை நீட்டுகிற ஆள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அது நான்தான். திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். காலையில் போய் ராத்திரி வரைக்கும் தப்பு, தப்பு என்று சொல்லிவிட்டு வருகிறவனுக்கு, வீட்டிலும் கை சும்மா இருக்காது. (சும்மா இருந்திருக்கலாம்.)

வில் மகள் மீனாவுக்காக வாங்கியது. இரண்டு மாதம் வில்வித்தைப் பயிற்சிக்குப் போனாள், தோள் வலிக்கிறது என்று விட்டுவிட்டாள். வாங்கியதை என்ன செய்வது என்று என் மனைவி சுகந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதுவரை சாக்பீஸைத் தவிர எதையும் குறி பார்த்து எறிந்தவள் இல்லை. ஆனால் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தினமும் விடியற்காலையில் மைதானம், அப்புறம் சமையல், அப்புறம் பள்ளிக்கூடம். மாநில அணித் தேர்வுக்கு அவள் பெயரையும் கோச் கொடுத்தபோது, எனக்கே அவளிடம் பேசக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

"முப்பத்தொம்பது வயசாச்சு. இந்தத் தடவை கிடைச்சாத்தான் உண்டு. அடுத்த வருஷம் தோள் என்ன சொல்லுமோ," என்றாள்.

அவளுடையது கப்பி வைத்த நவீன வில். அதன் நாணை விரலால் பிடித்து இழுப்பதில்லை. நாணின் நடுவில் சின்னதாக ஒரு கயிற்று வளையம் கட்டியிருக்கும்; அதற்கு லூப் என்று பெயர். மணிக்கட்டில் பட்டை போட்டுக் கட்டிக்கொள்ளும் ரிலீஸ் என்ற கருவியின் நுனியில் ஒரு இரும்புக் கொக்கி. கொக்கியை லூப்பில் மாட்டி இழுத்து, விசையைத் தட்டினால் கொக்கி திறந்து அம்பு போகும். இவ்வளவுதான். இதில் நான் தலையிட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

நவராத்திரி முடிந்த சில வாரங்களில் லூப் பிய்ய ஆரம்பித்தது. மாதக்கணக்கில் உழைக்க வேண்டிய கயிறு, ஒரு வாரத்தில் பஞ்சு பஞ்சாகிவிடும். சுகந்தி கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நாண்ல ஏதோ கோளாறு போல இருக்கு. கோச்கிட்ட காட்டட்டா?"

"கோச் எதுக்கு? இங்கே கொடு, நான் பார்க்கிறேன்."

முதலில் கயிறு மட்டம் என்றேன். வேறு கயிறு வாங்கினேன். அதுவும் பிய்ந்தது. முடிச்சு சரியில்லை என்று வீடியோ பார்த்து வேறு முடிச்சுப் போட்டேன். நுனியை ஊதுபத்தியால் சுட்டு உருட்டினேன். மெழுகு தேய்த்தேன். கடல் காற்று, மழை ஈரம் என்று திருவனந்தபுரத்தின் பருவநிலை மேலேயே பழி போட்டேன். லூப் எதற்கும் மசியவில்லை. மீனா மட்டும் மலையாளத்தில், "அப்பா, மதி. இனி ஒண்ணும் செய்யண்டா," என்றாள். போதுமாம். சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

கடைசியில் என் மூளை ஒரு முடிவுக்கு வந்தது. கண் பட்டிருக்கிறது. மைதானத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள். பத்து வருடமாகத் தப்புக் கண்டுபிடித்த மூளை கண்டுபிடித்தது இதைத்தான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சரஸ்வதி பூஜைக்கு எல்லோர் வீட்டிலும் போல நாங்களும் புத்தகம், அரிவாள்மணை, என் லேப்டாப், வில் எல்லாவற்றையும் அடுக்கிப் பொட்டு வைத்தோம். ரிலீஸுக்கு நான்தான் வைத்தேன். எங்கே வைப்பது? எது வேலை செய்கிறதோ அதற்குத்தானே வைக்க வேண்டும். கொக்கியின் உள்பக்கம் வைத்தேன். அதோடு விட்டிருந்தால் புண்ணியம். லூப் பிய்யப் பிய்ய, கண் திருஷ்டி கழிய, வெள்ளிக்கிழமைதோறும் கோவிலில் இலைத்துண்டில் தருகிற சந்தனத்தில் என் நெற்றிக்குப் போக மிச்சத்தைக் கொக்கிக்கும் வைத்துவந்தேன். சுகந்தி பார்த்தால் திட்டுவாள் என்று நன்றாக உள்ளே தள்ளியே வைத்தேன்.

தேர்வு நாள் வந்தது. பயிற்சிச் சுற்றிலேயே லூப் ஒரு பக்கம் நைந்தது. ஓடிப்போய்ப் புதிது கட்டினேன். போட்டி தொடங்கிப் பாதியில் அதுவும் நைந்து, இழுக்கும்போது நழுவி, ஒரு அம்பு இலக்குப் பலகைக்கு மேலே எங்கோ போயிற்று. அந்த அம்புக்கு மதிப்பெண் கிடையாது. சுகந்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. பழுது பார்க்கக் கொஞ்ச நேரம் தந்தார்கள்.

"என்னங்க இது?" என்றாள். குரல் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

"நான் பார்த்துக்கிறேன். நீ பதறாதே."

மறுபடியும் கட்டினேன். கட்டியது உறுதியா என்று பார்க்க வேண்டுமே. பக்கத்திலிருந்த பயிற்சிப் பலகைக்கு முன்னால் போய், ரிலீஸை என் கையில் மாட்டி, அம்பைப் பூட்டி, நானே இழுத்தேன். கோச், "ஸாரே, வேண்டா," என்று கத்தியது காதில் விழுந்தது. பாதி இழுவையில் லூப் அறுந்தது. முழு பலத்தோடு முகத்தை நோக்கி வந்துகொண்டிருந்த என் முஷ்டி, வந்த வேலையை முடித்துக்கொண்டது. அத்தனை பேர் முன்னால் என் வாயில் நானே குத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முன்பல்லில் ஒரு மூலை காணோம்.

சுகந்தி ஓடி வந்தாள். என் கையிலிருந்து ரிலீஸைக் கழற்றி, அதிலிருந்த ரத்தத்தைத் துடைத்தாள். துடைத்தவள் அப்படியே நின்றாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"இதுல எப்படி சந்தன வாசனை?"

நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். அவள் ஒரு ஊக்கை எடுத்துக் கொக்கியின் உள்ளே நோண்டினாள். மஞ்சளாகக் காய்ந்த பொருக்கு உதிர்ந்தது. அடியில் இரும்பு துருவேறி, தேங்காய்த் துருவியின் பல் மாதிரி சொரசொரவென்று இருந்தது. வாரா வாரம் ஈரச் சந்தனம் வைத்துக் காயவிட்டால் இரும்பு வேறு என்ன செய்யும்.

"யாரு வச்சது?"

"பூதைக்கு," என்றேன். பல் போன வாயில் அவ்வளவுதான் வந்தது.

"பூஜை போய் எத்தனை மாசமாச்சு?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை..."

அவள் ரிலீஸைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த இடத்தில் நின்று எய்துகொண்டிருந்த ரம்யா என்ற பெண், "சேச்சி, என்டெ எடுத்தோளூ," என்று தன்னிடமிருந்த இன்னொரு ரிலீஸை நீட்டினாள். கோச் லூப்பைக் கட்டினார். கைக்குப் பழகாத கருவியோடு சுகந்தி மிச்ச அம்புகளை எய்தாள். அருமையாகவே எய்தாள். ஆனால் அணியின் கடைசி இடம் ரம்யாவுக்குப் போயிற்று. அடுத்த பெயர் சுகந்தியுடையது. போன அந்த ஒரு அம்பு உருப்படியாக விழுந்திருந்தால் உள்ளே இருந்திருப்பாள். ரம்யா நல்ல பெண். அவள் மேல் கோபப்படவும் வழியில்லை. ஆட்டோவில் வரும்போது சுகந்தி வெளியே பார்த்துக்கொண்டே அழுதாள். எனக்குப் பல் வலியைவிட அதுதான் வலித்தது.

தோள் கருணை காட்டியது. அடுத்த வருடமும் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். என்னை மைதானத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். புது ரிலீஸ் எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அன்று காலை அவள் வில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியபோது, நான் பூஜை அறை வாசலில் பழக்கதோஷத்தில் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றேன். வாசல்வரை போனவள் திரும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்துப் பிரித்துவிட்டாள்.

"எனக்காக ஒண்ணும் வேண்டிக்காதீங்க," என்றாள். "இந்தத் தடவை நான் ஜெயிக்கணும்."

ஜெயித்தாள். அணியில் போய் எய்துவிட்டும் வந்தாள்.

அதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. போன மாதம் மீனாவுக்கு முதல் வேலைக்கான நேர்காணல். உள்ளே கூப்பிடும் முன்னால் எனக்குப் போன் செய்தாள்.

"அப்பா, இப்போ என்ன பண்றீங்க?"

"சும்மா உக்காந்திருக்கேன்."

"கை எங்க இருக்கு?"

"ஒண்ணு போன்ல. ஒண்ணு மடியில."

"கண்ணு?"

"தொறந்துதான் இருக்கு."

"ஷெரி. நான் வர்ற வரைக்கும் அப்படியே இருங்க," என்று வைத்துவிட்டாள்.

வேலை கிடைத்துவிட்டது. இனி இந்த வீட்டில் எனக்காகப் பேச யாருமில்லை.