ரசத்துக்குத் தப்பிய துணி

இந்தியாவிலேயே கையில் ரசத்தோடு ஜவுளிக்கடைக்குப் போன ஒரே மனிதர் எங்கள் ரசம் அண்ணாச்சிதான். வேறு யாராவது போயிருந்தால் எனக்கு எழுதுங்கள். நம்ப மாட்டேன்.

தொண்ணூறுகளில் புனே தாபோடியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் அவர் பக்கத்து வீடு. திருநெல்வேலிக்காரர். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி, குழந்தைகளுக்குக் கவுன் தைப்பார். துணி தேர்வது மட்டும் அண்ணாச்சியின் இலாகா. சட்டைப் பையில் பழைய டானிக் பாட்டில், அதற்குள் அன்றைய ரசம். கடையில் ஒரு வெட்டுத்துண்டு வாங்கி, அதில் ரசத்தை ஊற்றி, குழாயடியில் சோப்புப் போட்டுக் கசக்குவார். கறை போக வேண்டும், சாயம் போகக் கூடாது. தேறாத துணியில் மதினி ஊசி குத்த மாட்டார்.

"பச்சப்புள்ள என்ன பன்னீரையா கொட்டப் போவுது? ரசத்தத்தான கொட்டும்!" என்பார் அண்ணாச்சி.

எங்கள் மகளுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. ஊரில் இருந்த தாத்தா பாட்டிகள் யாரும் அவளைப் பார்த்ததில்லை. போட்டோவில்தான் பார்க்கப் போகிறார்கள். அதற்காகவே என் மனைவி ஆசையாக ரோஸ் சாட்டின் வாங்கி வைத்திருந்தாள். அண்ணாச்சி ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டார். சாட்டின் காலி. என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழாதம்மா. நாளைக்கே நல்ல துணியா எடுத்துருவோம்" என்று மறுநாள் என்னைப் பிம்ப்ரி மார்க்கெட்டுக்கு இழுத்துப் போனார்.

வெல்வெட் செத்த எலி போலச் சுருண்டது. பாப்ளின் சாயம் விட்டது. ஒரு பூப்போட்ட காட்டன் கறையை விட்டது, கூடவே பூவையும் விட்டது. ஆர்கண்டியைத் தன் கழுத்திலேயே தேய்த்துப் பார்த்து, "உறுத்துது" என்று தள்ளினார். கடைசிக் கடைக்காரர், துணியில் எதையும் ஊற்ற வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"அரே அங்கிள், யே கப்டா ஹை, இட்லி நஹீ! சாம்பார் மத் டாலோ!"

"சாம்பார் நஹீ பாய், ரசம்!" துணி தேறாததை விட, ரசத்தைச் சாம்பார் என்றதுதான் அண்ணாச்சிக்கு வருத்தம்.

விடிந்தால் பிறந்தநாள். கடை மூடப் போகிறார்கள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக எனக்குத் தைரியமில்லை. அப்போது அண்ணாச்சி, கடையின் உள்வாசலில் தொங்கிய மஞ்சள் திரையைப் பிடித்துக் கசக்கினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். விசாரித்தார். பல வருஷமாகத் தொங்குகிறதாம், வாரா வாரம் துவைக்கிறார்களாம். சாயம் அப்படியே இருந்தது.

"தம்பி, இதுக்கு மேல என்ன பரிட்சை வேண்டிக் கெடக்கு?" பாட்டிலை அவர் திறக்கவேயில்லை. நாங்கள் போனால் போதும் என்று கடைக்காரர் சும்மாவே கழற்றிக் கொடுத்தார்.

வீட்டில் என் மனைவி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பொறந்தநாள் நம்ம பொண்ணுக்கா, ஜன்னலுக்கா?"

காலையில் மதினி கவுனோடு வந்தார். கழுத்தில் வெள்ளைப் பைப்பிங், இடுப்பில் கொசுவம். போட்டுவிட்டதும் மகள் சிரித்தாள். அவள் அம்மா அதைவிட அதிகமாகச் சிரித்தாள். போட்டோவைப் பார்த்துவிட்டு, இந்தத் துணி எந்தக் கடையில் கிடைக்கும் என்று என் மாமியார் போனில் கேட்டார்.

அன்று பந்தியில் அண்ணாச்சி மடியில் இருந்த மகள், ரசஞ்சாதக் கை இரண்டையும் அவருடைய வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று அப்பினாள். அதன்பிறகு கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, எங்கே போனாலும் நெஞ்சில் இரண்டு மஞ்சள் கைத்தடத்தோடு அதே சட்டைதான்.

"சோப்புப் போட்டா போயிருமே அண்ணாச்சி?" என்றேன் ஒரு நாள்.

"போவாது தம்பி. மட்டமான துணி."

உள்ளேயிருந்து மதினி குரல் கொடுத்தார். "எங்க போவும்? அந்த எடத்துல மட்டும் சோப்பு போடவே வுட மாட்டேங்காவளே!"